‘மற்றும் வீரர்கள்’

எங்கள் பகுதிக் கால்பந்துக் கழகம் ஒன்று தன் அறுபதாண்டு வரலாற்றை மலராகப் போட்டிருக்கிறது. வழவழப்பான தாள், வண்ண அட்டை, எம்.எல்.ஏ. தொடங்கி நகைக்கடை வரைக்கும் வாழ்த்துச் செய்தி. கழகத்தின் பேரைச் சொல்லி அவர்களுக்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. வடசென்னையில் பந்து உதைத்தவர்கள் வாசிக்கும்போது தங்கள் தங்கள் கழகத்தின் பேரைப் போட்டுக்கொள்ளலாம். கதை ஒன்றும் பெரிசாக மாறாது.

1974இலிருந்து 1986 வரை பன்னிரண்டு வருசம் இந்தக் கழகத்துக்கு லெஃப்ட் பேக் ஆடியவன் நான். ஆகவே மலரை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்தேன். நிறுவனர், புரவலர், தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒவ்வொருவருக்கும் இனிஷியலோடு பேர், தொழில், பட்டம். நாற்பது பக்கம் தாண்டி ஒரு குரூப் போட்டோ. 1979இல் எடுத்தது. நாற்காலியில் ஒன்பது பேர். மரவாடிக்காரர், அரிசி மண்டிக்காரர், துணிக்கடைக்காரர், ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர். ஒன்பது பேருக்கும் இடமிருந்து வலமாகப் பேர் போட்டிருக்கிறார்கள். பின்னால் பன்னிரண்டு பேர் நிற்கிறோம். முன்னால் தரையில் ஷீல்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் சாய்ந்து படுத்திருக்கிறான். எங்கள் பதினாலு பேருக்கும் சேர்த்து இரண்டே சொல்: ‘மற்றும் வீரர்கள்.’

இந்த ‘மற்றும்’ என்ற சொல்லைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாற்றில் பந்தைத் தொட்டவன் ‘மற்றும்’ ஆகிறான், பந்துக்குக் காசு கொடுத்தவன் வரலாறு ஆகிறான். இதை அச்சுப் பிழை என்றோ ஞாபகமறதி என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. 1979இல் எந்தத் துணைத் தலைவர் எந்த மாசம் பதவி ஏற்றார் என்பதைத் தேதியோடு ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு, அந்த ஷீல்டைத் தூக்கிவந்தவன் பேர் மட்டும் எப்படி மறந்துபோகும்? லீக்கில் ஆட வேண்டுமானால் ஒவ்வொரு வீரனுக்கும் பதிவு பாரம் உண்டு. அப்பா பேர், வீட்டு முகவரி, பிறந்த தேதி, போட்டோ எல்லாம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். பேர் தெரியாமல் போகவில்லை. தெரிந்த பேரை எழுதவில்லை.

யார் அந்தப் பதினாலு பேர்? கோலி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ரைட் பேக் பின்னி மில்லில் பதிலி. லெஃப்ட் விங் பெரியமேட்டுத் தோல் கிடங்கில் உப்பு உதறிக்கொண்டிருந்தவர். சென்டர் ஃபார்வர்டு கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. இரண்டு பேர் போக மீதி எல்லாரும் சேரி ஜனம். அவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. வீட்டாரைக் கேட்காமல் பேரை இங்கே எழுத எனக்கு உரிமை கிடையாது. ஆனால் பட்டியல் என் கையில் முழுசாக இருக்கிறது. மலர்க் குழுவில் இருந்து ஒருத்தர் தெருமுனைக்கு வந்து கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன்.

மலரில் ஒரு கட்டுரை, கழகம் எல்லாச் சாதியையும் ஒன்றாக்கியது என்று பெருமைப்படுகிறது. இந்தப் பகுதியின் வரலாறு தெரிந்தவர்கள் இப்படி லேசாக எழுத மாட்டார்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பின்னியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து. மூன்றே வருசத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள் என்ற கோபம் சாதிக் கலவரமாகிப் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. எரிந்தவர்களுக்காகச் சட்டசபையில் எம்.சி. ராஜா நின்று பேச வேண்டியிருந்தது. சேரிக்காரனைக் கருங்காலி என்று சொல்லிப் பக்கத்தை மூடிய தொழிற்சங்க வரலாறுதான் ரொம்ப நாளாக நம் கையில் கொடுக்கப்பட்டது. சங்கத்தில் அவனை யார் எந்த இடத்தில் வைத்திருந்தார்கள், அவன் வயிற்றுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு தோல் பந்தை உருட்டிவிட்டதும் சாதி ஓடிப்போய்விட்டது என்றால், அதைச் சொல்கிறவர் எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஒன்றாக ஆடினோம், உண்மைதான். விசில் ஊதியது முதல் விசில் ஊதும் வரை ஒன்றாக ஆடினோம். மைதானம் எது? ஓட்டேரி நல்லா ஓரத்துப் பள்ளம். மழை பெய்தால் குளம். அதில் கூடை கூடையாக மண்ணும் கல்லும் கொட்டி மேடாக்கியது எங்கள் தெருப் பெண்களும் நாங்களும். மலர் இதை ‘கழகம் மைதானம் அமைத்தது’ என்று எழுதுகிறது. பனியன் துவைத்தது எங்கள் அம்மாமார்கள். ஜெயித்த கப்பு எங்கே போனது? தலைவர் வீட்டு ஹாலில் கண்ணாடி பீரோவுக்குள். அந்த வீட்டில் திண்ணை தாண்டி நாங்கள் போனது கிடையாது. ஒருமுறை என் அம்மா, “நீ ஜெயிச்ச கப்ப நான் ஒரு வாட்டி பாக்க கூடாதாடா?” என்று கேட்டார். தெருவிலிருந்து எட்டிப்பார்த்தால் தெரியும்மா என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “பளபளன்னு வெச்சிருக்காங்க” என்றார்.

பேச்சிலும் அப்படித்தான். செயலாளரின் மகனுக்குப் பதினாறு வயசு. அவரை நாங்கள் “வாங்க தம்பி” என்போம். முப்பது தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற எங்கள் கோலியை அந்தத் தம்பி “டேய் பாலைப் போடுடா” என்பார். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு டோர்னமெண்ட் ஆடப் போனபோது, நிர்வாகிகளுக்கு வீட்டுக்குள்ளே இலை. எங்களுக்குப் புளியமரத்தடியில் பொட்டலம். எங்கள் நிர்வாகிகள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து ரசத்துக்குக் காத்திருந்தார்கள். மலர் அந்தப் பயணத்தை விருந்தோம்பலுக்காக நினைவுகூர்கிறது.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “இது அமெச்சூர் கிளப்புங்க. யாரும் காசுக்கு ஆடல. அவங்க கைக்காசு போடலன்னா கிளப்பே இல்ல.” நியாயமான பேச்சுபோலத் தோன்றும். இந்த அமெச்சூர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

அது இங்கிலாந்துச் சீமான்கள் விளையாட்டில் புகுத்திய சொல். அன்புக்காக, ஆசைக்காக ஆடுகிறவன் என்று பொருள் சொல்வார்கள். சட்டமாக எழுதும்போது வேறு பொருள் வந்தது. 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் எழுதிய விதிப்படி கைவினைத் தொழிலாளி, கூலியாள் யாரும் அமெச்சூர் ஆக முடியாது. 1882இல் அமைந்த அமெச்சூர் படகுச் சங்கமும் இதையே பிடித்துக்கொண்டது. கவனியுங்கள். படகு ஓட்டிக் காசு வாங்கினால்தான் தகுதியிழப்பு என்று இல்லை. வாழ்நாளில் எங்கேயாவது உடம்பால் உழைத்துக் கூலி வாங்கியிருந்தாலே போதும், அவன் காசில்லாமல் துடுப்புப் போட்டாலும் அமெச்சூர் கிடையாது. நமக்கு ரொம்பப் பழக்கமான ஏற்பாடுதான். மனு வந்து எழுதிக்கொடுத்ததுபோல் இருக்கிறது.

கால்பந்திலும் இதே சண்டை நடந்தது. 1883 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களைப் பிளாக்பர்ன் ஒலிம்பிக் 2–1 என்று தோற்கடித்தது. அந்த அணியில் நெசவாலைத் தொழிலாளிகள் இருந்தார்கள், இரும்பு வார்ப்படத் தொழிலாளி இருந்தார். வடக்கத்தி ஆலைத் தொழிலாளிகளுக்குக் காசு கொடுத்து ஆட வைக்கிறார்கள் என்று சீமான்கள் கூச்சல் போட்டார்கள். ஆட்டத்துக்காக ஒருநாள் ஆலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, அடுப்பு எரியாது என்பது நிலச் சொத்து உள்ளவனுக்கு எங்கே புரியும்? கடைசியில் 1885இல் காசு வாங்கி ஆடுவதைச் சங்கமே ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அமெச்சூர், தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பாகுபாட்டை 1974இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் ஏட்டிலிருந்தே எடுத்துவிட்டது. நான் இந்தக் கழகத்துக்குக் கையெழுத்துப் போட்ட அதே வருசம். வெள்ளைக்காரன் கைவிட்ட சொல்லை நம்மூர் மண்டிக்காரர் மடியில் கட்டிக்கொண்டார்.

அமெச்சூர் கழகத்தில் யாரும் காசு கொடுக்கவில்லை என்பது பொய். நாங்கள் கொடுத்தோம். ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் அரைநாள் கூலியைக் கொடுத்தோம். பதிலித் தொழிலாளிக்கு மில் வாசலில் அன்றைக்குக் கூப்பிடும் நேரத்தில் நிற்காவிட்டால் வேலை இல்லை. முட்டி கிழிந்தால் வைத்தியச் செலவு எங்களுடையது, மூன்று வாரம் வேலைக்குப் போகாத பட்டினியும் எங்களுடையது. தலைவர் கொடுத்த நூறு ரூபாய்க்கு மலரில் ரசீது இருக்கிறது. எங்கள் கூலிக்கு ரசீது இல்லை. ஆட்டம் முடிந்து ஒரு டீ, இரண்டு பரோட்டா, பஸ் காசு. அதைக்கூட ‘பசங்களுக்குச் செஞ்சோம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, ஏ.ஜி. அலுவலகம் என்று அலுவலக அணிகள் ஆடிய காலம் அது. நன்றாக ஆடுகிறவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். பத்தாவது ஃபெயிலான சேரிப் பையனுக்கு நிரந்தர வேலை, பென்ஷன், குவார்ட்டர்ஸ் எல்லாம் வருவதற்கு இருந்த ஒரே சந்து அது. அந்தச் சந்துக்குச் சாவி ஒரு காகிதம். இன்ன வீரர் இன்ன டிவிஷனில் எங்கள் கழகத்துக்கு இத்தனை வருசம் ஆடினார் என்று செயலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சான்றிதழ்.

எங்கள் சென்டர் ஃபார்வர்டு அந்தக் காகிதத்துக்காக நாலு முறை நடந்தார். லெட்டர்ஹெட் தீர்ந்துபோச்சு என்றார்கள், சீல் வேறு இடத்தில் இருக்கிறது என்றார்கள், “நீ போய்ட்டா கிளப்புக்கு யாருடா கோல் போடுவான்?” என்று சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் உறவுக்காரப் பையனுக்கு அதே வருசம் சான்றிதழ் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அவர் இன்று பென்ஷனோடு நிம்மதியாக இருக்கிறார், மலரில் ‘நட்சத்திர வீரர்’ என்று அரைப்பக்கம் இருக்கிறது. எங்கள் ஆள் கொத்தவால்சாவடியில் கூடை தூக்கினார். 1996இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது கூடையோடு அவரும் பின்னாலேயே போனார். அதே வருசம் பின்னி மில்லும் மூடியது. பதிலியாக நின்றவர்களுக்கு அந்த வாசலும் போயிற்று. ‘மற்றும் வீரர்கள்’ என்ற இரண்டு சொல்லுக்குள் இதெல்லாம் அடங்கிக் கிடக்கிறது. பேர் ஏட்டில் ஏறாவிட்டால் ஆள் ஆடியதற்குச் சாட்சி இல்லை. சாட்சி இல்லாவிட்டால் வேலை இல்லை. ஆகவே பேர் கேட்பதை வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள்.

பேர் எப்படி எழுதுவது என்று இந்த நாட்டுக்குத் தெரியாதா? 1911 ஜூலை 29இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என்று ஜெயித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கியது. சிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். பதினொரு பேரின் பேரும் நூறு வருசம் தாண்டி இன்றைக்கும் சொல்லப்படுகிறது. சொல்லட்டும், சொல்ல வேண்டிய பேர்தான். அவர்களில் சுதிர் சட்டர்ஜி தவிர எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பதும் தேசப் பெருமையாகச் சொல்லப்படுகிறது. நாங்களும் வெறுங்காலோடுதான் ஆடினோம். பூட்ஸ் வாங்கக் காசில்லாமல் ஆடினோம். எங்கள் தாத்தாக்கள் ஊரில் மேல்தெரு வழியாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள். பத்ரலோக் வீட்டுப் பிள்ளையின் வெறுங்கால் காவியத்துக்குப் போனது. சேரிக்காரன் வெறுங்காலுக்குக் காலில் ஏறிய கண்ணாடிச் சில்லுதான் ஆதாரம்.

கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலுவின் கதை இப்போது பலருக்குத் தெரியும். சமார் சாதியில் பிறந்தவர். பூனா ஜிம்கானாவில் ஆடுகளம் பராமரிக்கும் வேலை பார்த்தவர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். களத்தில் அவர் கை தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளை. இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்க மனசு வரவில்லை. தம்பி விட்டலுக்கு அது 1923இல் கிடைத்ததும் சண்டை போட்டுத்தான். கையின் திறமை வேண்டும், கை வேண்டாம். பூனாவிலும் புளியந்தோப்பிலும் இதுதான் கணக்கு.

1991இல் அம்பேத்கர் நூற்றாண்டின்போது எங்கள் தெருப் பையன்கள் பிரிந்துவந்து தனியாக டீம் கட்டினார்கள். பனியனில் நீலம், நோட்டீஸில் பாபாசாகேப் படம். அதுவரை பந்து வாங்கித் தந்துகொண்டிருந்த இரண்டு கடைக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பழைய கழகத்திலிருந்து தூது வந்தது: “விளையாட்டுல போய் ஏம்பா சாதியைக் கொண்டாறீங்க?” அவர்கள் கழகத்தில் முப்பது வருசமாக ஒன்பது நாற்காலியிலும் நாலே சாதி உட்கார்ந்திருந்தது. அது சாதி இல்லையாம், நிர்வாகமாம். நாங்கள் எங்கள் தலைவர் படத்தைப் போட்டதும் சாதி வந்துவிட்டதாம். ஆதிக்கத்துக்குப் பேர் கிடையாது. நாம் பேர் வைத்துக்கொண்டால்தான் அவர்களுக்குச் சாதி கண்ணில் படும்.

இன்னொரு வகை வரலாறும் இப்போது கிளம்பியிருக்கிறது. அது நம்மைப் பாராட்டும் வரலாறு, ஆகவே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வியாசர்பாடியில் பையன்களும் பெண்பிள்ளைகளும் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் நிற்கிறார்கள். 2017–18இல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். இதைப் பத்திரிகையில் எப்படி எழுதுகிறார்கள்? ரவுடித்தனத்திலிருந்து காப்பாற்றிய பந்து, கத்தியைக் கீழே போட வைத்த பந்து. நகரத்து மற்ற பகுதிப் பிள்ளை டென்னிஸ் ஆடினால் திறமை. எங்கள் பிள்ளை பந்து உதைத்தால் திருந்திவிட்டான். யார் சொன்னது எங்கள் பிள்ளைகள் எல்லாம் கத்தியோடு பிறந்தார்கள் என்று? மில்லும் சந்தையும் மூடி ஒரு தலைமுறையின் வேலையைப் பிடுங்கியது பற்றி ஒரு வரி கிடையாது.

“இவனுங்களுக்கு ஒடம்பு வலு ரத்தத்துலயே இருக்கு” என்பதும் அப்படித்தான். பாராட்டு மாதிரிச் சொல்லி, மூளையையும் பயிற்சியையும் பிடுங்கிக்கொள்கிற பேச்சு. லெஃப்ட் பேக்குக்கு எதிராளி விங் எந்தக் காலில் திரும்புவான் என்று படிக்கத் தெரிய வேண்டும். அதை நான் ரத்தத்தில் வாங்கவில்லை, பன்னிரண்டு வருசம் சேற்றில் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் கேட்பது மூன்று. மலருக்கு ஒரு பின்னிணைப்புப் போட்டு, கழகத்துக்கு ஆடிய ஒவ்வொருவர் பேரையும் ஆடிய வருசத்தோடு அச்சிட வேண்டும். பதிவு பாரங்களையும் கூட்ட நடவடிக்கை நோட்டையும் வெளியே எடுத்து யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். யார் யாருக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது அதில் தெரியும். கண்ணாடி பீரோவில் இருக்கும் கப்புகள் மைதானத்தை ஒட்டிய பொது நூலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வர வேண்டும். செய்வார்கள் என்று நான் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

இதை வாசிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவிலும் பந்து உதைத்த, கபடி ஆடிய, குத்துச்சண்டை போட்ட அண்ணன்மார், மாமன்மார் இருப்பார்கள். அறுபது, எழுபது வயசில் முட்டி வலியோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுப் பரணில் ஒரு குரூப் போட்டோ கிடக்கும், கரையான் அரிப்பதற்குள் அதை எடுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிற்கிறவர் யார், தரையில் படுத்திருப்பவர் யார், என்ன வேலை பார்த்தார், யார் யாரை ஜெயித்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறும், பென்சில் நிற்கும். எழுதியதை இந்த இதழுக்கு அனுப்புங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.